தோழன் மோதிரம்

லாசால், மொன்றியல்
05.03.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் சுகம்தானே? அண்ணியின் முழங்கால் நோ இப்போது எப்படி?

உங்கள் கடிதத்தைத் தபால் பெட்டியில் கண்டதும் பனியில் நின்றபடியே பிரித்துவிட்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு உங்கள் கடிதம். போன வருடம் அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் தனியாக வந்தபோது, புறப்படுகிற அன்று ஒரு துண்டுக் காகிதத்தில் "போன் எனக்குச் சரிவராது, கடிதம் போடு" என்று எழுதித் தந்தீர்கள். நானும் போட்டேன், திரும்பவும் போட்டேன். இனிப் பதில் வராது என்று இருந்தபோதுதான் வந்தது. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து உங்கள் காது போனபோது நான் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து உங்களோடு சண்டை பிடிப்பதென்றாலும் எழுதித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"உன்ர விளையாட்டுக்காரன் இன்னும் விளையாடுறானோ? நான் கேட்கேல்லை, கழகத்துப் பெடியள் கேட்கிறாங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சரி, பெடியளுக்கே பதில் சொல்கிறேன். அவருடைய பெயர் அவினேஷ். பிஜித் தீவில் லம்பாசா என்ற கரும்பு ஊரில் பிறந்தவர். பூட்டனும் பூட்டியும் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனவர்கள். பள்ளிக்கூடம் முடியமுதலே ஊர் உதைபந்தாட்டக் கழகம், இருபத்தொரு வயதில் பிஜியின் தேசிய அணி, ஒன்பதாம் இலக்கச் சட்டை. பிறகு நியூசிலாந்தில் சில வருடங்கள். மொன்றியலில் பெரிய கழகமொன்று சேர்த்துக்கொள்ளும் என்று ஓர் ஏஜென்ட் ஆசை காட்டிக் கூட்டிவந்தான். அவர்கள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். இவர் திரும்பிப் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்தார். பகலில் லாசாலில் சாமான் களஞ்சியத்தில் வேலை. தலையால் அடிக்கிற கோலுக்குத்தான் அவர் பேர்பெற்றவர்.

பனி கரைந்து மே மாதம் ஆட்டங்கள் தொடங்கும். முப்பத்தெட்டு வயதாகிறது, இந்த வருடமும் விளையாடுவார்.

நான் இன்னும் அதே கார்டெறியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிற வேலையில்தான் இருக்கிறேன். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி
அஜந்தா


அரியாலை
02.04.2023

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் மழைக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது. வானொலிச் செய்தி தேவையில்லை.

உன் கடிதத்தை வாசிகசாலையில் பெடியளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நாட்டின் அணிக்கு விளையாடியவன் எங்கள் ஊர் மருமகன் என்று அவங்கள் துள்ளுகிறாங்கள். நான் துள்ளவில்லை. உன் கலியாணத்துக்கு முதல் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். எந்த ஊர், ஆர் பெற்ற பிள்ளை என்று கேட்டால் ஒரு பதில் இருக்க வேண்டும். கப்பலில் போனவர்கள் என்பது ஓர் ஊரா? தமிழன் என்கிறாய், தமிழில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாது. எனக்குக் காதுதான் கேட்காது, கண் தெரியும்.

ஆனால் பந்து வேறு கதை. பெடியளுக்குத் தலையால் அடிக்கப் பழக்குவது நான்தான் என்று உனக்குத் தெரியும். மைதானத்துப் புளியமரத்தில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தனும் எழும்பி எழும்பி அடிக்க வேண்டும். பந்து தலைக்கு வரும் என்று நிற்கிறவன் முட்டாள், தலைதான் பந்துக்குப் போகவேண்டும். விசிலும் நான்தான் ஊதுகிறேன். சத்தம் வந்ததோ இல்லையோ என்று அவங்கள் நிற்கிறதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அவன் எப்படி எழும்புகிறவன்? ஒற்றைக் காலிலா, இரண்டு காலிலா? கண்ணை மூடுகிறவனா? கோல் போட்டால் விவரமாக எழுது. பெடியளுக்காகத்தான்.

போன் பற்றி: ஒருத்தன் தன்னுடைய போனில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று காட்டினான். உன் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அழுகைதான் வரும். வேண்டாம்.

அண்ணன்
பேரின்பநாதன்


லாசால்
18.06.2023

அன்புள்ள அண்ணைக்கு,

வெயில் வந்துவிட்டது, எல்லோரும் நலம். உங்கள் ஊரில் மாம்பழக் காலமாயிருக்கும். ஒருவரும் சாப்பிடாமல் விழுந்து கிடக்கிற பழங்களை நினைத்துப் பொறாமைப்படுகிறேன்.

பெடியளிடம் சொல்லுங்கள், ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. இரண்டு கோல். முதலாவது, மூலையிலிருந்து உதைத்த பந்தைத் தலையால் அடித்தது. இரண்டு காலிலும் எழும்புவார், கண்ணை மூடுவதில்லை. இரண்டாவது இன்னும் அழகு. பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அவரே எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி எறிந்தார். அது ஒருவரிலும் படாமல் நேரே கோலுக்குள் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். மகள் நிருஷா என் தோளில் ஏறிவிட்டாள்.

களஞ்சிய வேலையை அவர் விட்டுவிட்டார். கொஞ்சநாள் ஓய்வெடுக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். போன கிழமை பஸ்ஸில் நித்திரையாகி கர்க்லாண்ட் வரைக்கும் போய்விட்டார். தெரிந்த ஒருவர் கண்டு காரில் கொண்டுவந்து விட்டார். களைப்புத்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும், கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கலியாணத்தன்று வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உள்ளே கூட்டிவரத் தோழன் வேண்டும், பெண்ணின் சகோதரன்தான் தோழன், அவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மோதிரத்தை அவரே போய் வாங்கினார். அளவு கேட்டார். என் நடுவிரல் அளவு என்று நான் சொன்னேன், உங்கள் விரல் மெல்லியது என்றுதான் எனக்கு ஞாபகம். நீங்கள் வரவில்லை. கோயிலில் யாரோ ஒரு பொடியனைத் தோழனாக நிறுத்தினோம். அவன் கால் கழுவிவிட்டு விரலை நீட்டினான். இவர் மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "இது அஜந்தாவின் அண்ணனுடையது" என்றுவிட்டார். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. உங்களைக் கண்டால் சொல்வதற்கென்று இரண்டு தமிழ்ச் சொல்லும் பாடமாக்கி வைத்திருக்கிறார். "மச்சான், வாங்கோ."

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
அஜந்தா


அரியாலை
16.07.2023

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாம்பழத்தை அணில் சாப்பிடுகிறது, வீணாய்ப் போகவில்லை.

இரண்டு கோலையும் பெடியளுக்கு வாசித்தேன். மேசையில் தட்டினாங்கள், மேசை ஆடியதில் தெரிந்துகொண்டேன். இனிமேல் கோல் விழுந்தால் எப்படி விழுந்தது என்று நீ விளங்கப்படுத்திக் கஷ்டப்பட வேண்டாம். விழுந்தது என்று மட்டும் எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

மோதிரத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அவர் ஏன் வேலையை விட்டவர்? நன்றாக ஓடுகிற மனிதனுக்குப் பஸ்ஸில் அப்படி என்ன களைப்பு?

பேரின்பநாதன்


லாசால்
08.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம்தானே? நாங்களும் சுகம். பதில் பிந்திவிட்டது. கார்டெறியில் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல், பிறகு எனக்கும் காய்ச்சல்.

ஆட்டங்கள் முடிகிற காலம். அவர் இன்னும் மூன்று கோல் போட்டார். நீங்கள் சொன்னபடி விவரம் எழுதவில்லை.

இங்கே மரங்கள் சிவந்துவிட்டன. பின்னேரங்களில் அவரும் நிருஷாவும் பூங்காவில் பந்து உருட்டுவார்கள். இப்போது அவள்தான் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள், பெரிய மனுசி. பிரெஞ்சில் அவருக்குக் கட்டளை போடுவாள், அவர் சிரித்துக்கொண்டு கேட்பார். போன கிழமை வீட்டுக் கதவுகளில் எல்லாம் படம் ஒட்டினோம். குளியலறைக்கு மீன், அறைக்கு நிலா, வெளிக்கதவுக்குச் சிவப்புக் கை. கார்டெறியில் எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வோம். சும்மா விளையாட்டுக்கு.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் தேடவில்லை.

நிருஷா உங்களுக்கு "போன்ஜூர் மாமா" என்று எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்
அஜந்தா


அரியாலை
05.11.2023

தங்கச்சிக்கு,

மழை தொடங்கிவிட்டது. அண்ணி இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டாள். மற்றபடி சுகம்.

மருமகளுக்கு என் போன்ஜூர். அது என்ன சொல் என்று வாசிகசாலையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெடியள் போனில் உங்கள் லொங்குய் கழகத்தைத் தேடி இந்த வருடப் படத்தை எடுத்துக் காட்டினாங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம், அவரைக் காணவில்லை. படம் எடுக்கிற அன்றைக்கு மனிதன் வேலைக்குப் போயிருப்பான், வெளிநாட்டில் நினைத்தபடி லீவு தரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். நம்பிவிட்டாங்கள்.

புளியமரத்தில் தொங்கிய பந்தை அவிழ்த்துவிட்டேன். கயிறு இற்றுப்போய்விட்டது. இனிமேல் காலால் மட்டும் விளையாடுங்கோ, நிலத்தில் போகிற பந்துதான் அழகு என்று சொல்லியிருக்கிறேன். இருபது வருடம் சொன்னதை மாற்றிச் சொல்கிறாரே என்று அவங்களுக்கு ஆச்சரியம்.

அவருக்குத் தலையிடி ஏதும் இருக்கிறதா? எழுது.

பேரின்பநாதன்


அரியாலை
20.01.2024

தங்கச்சிக்கு,

பொங்கல் முடிந்தது. உன் கடிதம் வரவில்லை. தபால்காரன் என் வாசல் படலையைக் கண்டால் இப்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறான்.

அண்ணியும் நானும் நலம். நீங்கள் நலமா? கோல் எதுவும் வேண்டாம். நலம் என்றால் நலம் என்று எழுது, இல்லையென்றால் இல்லையென்று எழுது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்காதே. நான் உன்னைத் தூக்கி வளர்த்தவன்.

அண்ணன்


லாசால்
11.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம் இல்லை அண்ணை. நிருஷா நலம். நான் நடமாடுகிறேன். அவருக்குத்தான் சரியில்லை.

அவர் விளையாடி ஒன்றரை வருடமாகிறது. கடைசி ஆட்டம் 2022 ஆவணியில், லொங்குய்யில். மூலையிலிருந்து வந்த பந்துக்கு எழும்பித் தலையால் அடித்தார், கோல். அது நான் கண்ணால் கண்ட கோல். விழுந்தவர் எழும்பி, கையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மற்ற அணிக்காரர் இருக்கிற நீள வாங்கில் அவர்களுக்கு நடுவில் இருந்துவிட்டார். பகிடி பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் எழும்பவில்லை. "ஏன் எல்லோரும் என்னைப் பார்க்கினம்?" என்று என்னைக் கேட்டார்.

சின்ன வயதிலிருந்து தலையில் வாங்கிய அடிகள்தான், ஒவ்வொன்றும் சின்ன அடி, எல்லாம் சேர்ந்து மூளையைத் தின்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம், ஆனால் அப்படித்தான் இருக்குமாம். மருந்து இல்லை. களஞ்சியத்தில் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார் என்று அவர்களாகவே நிற்பாட்டிவிட்டார்கள். கர்க்லாண்ட் பஸ்ஸில் அவர் நித்திரை கொள்ளவில்லை. எங்கே இறங்குவது என்று தெரியாமல் இருந்திருக்கிறார். கதவுகளில் ஒட்டிய படங்கள் விளையாட்டுக்கு இல்லை.

அம்மாவின் செத்தவீட்டுக்கு அவர் வராததை நீங்கள் ரோசம் என்று நினைத்திருப்பீர்கள். கூட்டிவரப் பயந்து, பக்கத்து வீட்டு றெஜினா அக்காவிடம் அவரையும் பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஏன் கோல் எழுதினேன் என்று கேட்பீர்கள். எட்டு வருடத்தில் நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டது அது ஒன்றைத்தான். கோல் நின்றால் கடிதமும் நின்றுவிடும் என்று பயந்தேன். அம்மாவும் போய்விட்டா. எனக்கு இந்த உலகத்தில் எழுதுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

விளையாடிய கழகங்களின் பெயர் போய்விட்டது. பிஜிக்கு விளையாடியது சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. ஆனால் காலையில் எழும்பியதும் அலுமாரியைத் திறந்து அந்த மோதிரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "உன்ர அண்ணன் எப்ப வருவார்? அவருக்கு அளவாய் இருக்குமோ?" என்று கேட்பார். இங்கிலீசில்தான் கேட்பார். பிறகு தமிழில் சொல்லிப் பார்ப்பார், "மச்சான், வாங்கோ." நான் ஒவ்வொரு நாளும் "வருவார்" என்று சொல்கிறேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா அண்ணை? ஒரே ஒரு சொல் எழுதினாலும் போதும். அவருக்கு அது விளங்குகிற நாட்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

அஜந்தா


அரியாலை
10.03.2024

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மைதானத்துக்குப் போய் இருந்தேன். அண்ணி வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

எனக்குப் போன ஆடியிலேயே தெரியும். வெளியே போன பந்தைக் கையால் எறிந்து, அது ஒருவரிலும் படாமல் கோலுக்குள் போனால் கோல் இல்லை. எங்கள் ஊர்ச் சின்னப் பெடியனுக்கும் தெரியும். ஒரு நாட்டுக்கு விளையாடியவனுடைய மனுசி, பக்கத்தில் நின்று பார்த்தவள், அப்படி எழுதினால் அவள் ஆட்டம் பார்க்கவில்லை என்றுதான் கருத்து. பெடியளுக்கு வாசிக்கும்போது அவர் எறிந்ததை இன்னொருத்தன் தலையால் தட்டிவிட்டான் என்று மாற்றி வாசித்தேன். எதற்காக மறைக்கிறாய் என்று மட்டும் தெரியவில்லை. உன் மனுசன் உன்னை விட்டுப் போய்விட்டானோ என்றும் நினைத்தேன். கதவில் படம் ஒட்டுகிறோம் என்று நீ எழுதிய பிறகுதான் எனக்கு வேறு விதமாகப் பட்டது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு வந்துதான் பந்தை அவிழ்த்தேன். கயிறு நல்ல கயிறு, இற்றுப்போகவில்லை.

கார்த்திகையிலேயே கனடா விசாவுக்குப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. போன கிழமை இல்லை என்று வந்துவிட்டது. வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று அவர்களுக்குச் சந்தேகமாம். காது கேட்காத இந்தக் கிழவனை வைத்துக்கொண்டு கனடா என்ன செய்யப்போகிறது? திரும்பவும் போடுவேன்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. அவருக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

அண்ணன்


அன்புள்ள மச்சான்,

நான் அஜந்தாவின் அண்ணன் பேரின்பநாதன். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று நல்லூரானைக் கும்பிடுகிறேன்.

உங்கள் கலியாணத்துக்கு நான் வரவில்லை. வாசலில் நின்று உங்களுக்குக் கால் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டியவன் நான். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். மச்சான், உங்களுக்கு அரியாலைதான் ஊர். இங்கே வாசிகசாலையில் உங்களைத் தெரியாத ஆள் இல்லை.

நீங்கள் லொங்குய்யில் போட்ட கடைசிக் கோலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இரண்டு காலிலும் எழும்பி, கண்ணை மூடாமல் அடித்திருக்கிறீர்கள். பிறகு எந்த வாங்கில் இருந்தால் என்ன, கோல் கோல்தான்.

மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அது என்னுடையது.

உங்கள் மச்சான்
பேரின்பநாதன்


லாசால்
09.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். உங்கள் கடிதம் சித்திரை கடைசியில் வந்தது. உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை.

பங்குனி மாதம் அவருக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அலுமாரிப் பக்கம் போகவில்லை. மோதிரத்தைக் கேட்பதும் நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்தவள் நான், ஒருநாள் எரிந்தும் விழுந்திருக்கிறேன். இப்போது காலையில் எழும்பி அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் தாளை அவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். முதலில் தமிழில், பிறகு இங்கிலீசில். "மச்சான்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். வானொலி கேட்கிறவர் மாதிரி அமைதியாகக் கேட்டார். முடிந்ததும், "ஆர் எழுதினது?" என்றார். "உங்கட மச்சான்" என்றேன். "நல்ல மனுசன் போல கிடக்கு" என்றார். நான் எழும்பிப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து மோதிரத்தை அவருடைய கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். பஸ்ஸில் யாரோ தவறவிட்ட பொருளைக் கொடுப்பதுபோலத் தந்தார். அண்ணை, எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. ஒன்பது வருடம் இந்த ஒரு சொல்லுக்காக இருந்த மனிதர். அதை எழுதாமல் விடமாட்டேன். கோபம் வந்தது, பிறகு போய்விட்டது.

அன்று பின்னேரம் நிருஷாவுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் மோதிரம் கிடந்தது. அவர் அதை எடுத்துத் தன் விரலில் அரைவாசிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அவருக்கு அளவாய் இருக்குமோ?" என்று கேட்டார். "ஆருக்கு?" என்று கேட்டேன். யோசித்தார். தெரியவில்லை. ஆனால் கேள்வி மட்டும் உள்ளே எங்கேயோ கிடக்கிறது, அதற்கு ஆள் இல்லை. பிறகும் இரண்டு மூன்று நாள் அப்படிக் கேட்டார்.

அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். புது இடம் அவரைக் குழப்பும், வேண்டாம் என்றுவிட்டார். அதனால் மோதிரத்தை அனுப்புகிறேன். இங்கே இருக்கிற எங்கள் ஊர் மகேந்திரராசா அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு முதலே ஊருக்குப் போகிறார், இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன். போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அளவு எப்படி என்று எழுதுங்கள். அவருக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும்.

அன்புடன்
அஜந்தா


அரியாலை
21.07.2024

என் தங்கச்சிக்கு,

மகேந்திரராசா நேற்று வந்து பத்திரமாகத் தந்துவிட்டுப் போனார். அண்ணி என்னைக் கிழக்கே பார்த்து இருக்கச்சொல்லி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கவிட்டாள். நானும் அவளும் சுகம். நீ கோபப்பட்டது சரி. அது போகாமல் இருந்திருந்தாலும் சரி.

கடல் தொழிலுக்குப் போய்க் கயிறு இழுத்த கை இது. சின்ன வயதில் நீ பிடித்துக்கொண்டு நடந்த விரலையே நினைத்துக்கொண்டு அளவு சொல்லியிருக்கிறாய். மோதிரம் என் சின்னவிரலில் முதல் கணுவைத் தாண்டவில்லை. தட்டாரிடம் கொடுத்துப் பெருப்பிக்கலாம் என்று அண்ணி சொன்னாள். அவர் வாங்கியதை வெட்டி ஒட்ட எனக்கு மனமில்லை. கறுப்பு நூலில் கோத்து, விசிலோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். பெடியள் என்னவென்று கேட்டாங்கள். தோழன் மோதிரம், என்ர மச்சான் போட்டது என்று சொன்னேன்.

அவர் திரும்பக் கேட்டால், அளவென்றால் அப்படியொரு அளவு, விரலை விட்டுக் கழற்ற முடியவில்லை என்று அண்ணை எழுதியிருக்கிறார் என்று சொல். மிச்சத்தை நீ பார்த்துக்கொள்.

அண்ணன்
பேரின்பநாதன்